தனிப்பட்ட தகவல்

"அதை உங்ககிட்ட சொன்னது யாரு?"

தொலைபேசியில் அந்தக் குரல் இப்படிக் கேட்டதும் வால்டர் ஹெப்டனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பது வருடமாக அவர் மாணவர்களிடம் கேட்டு வந்த கேள்வி அது. கட்டுரையை நீட்டிவிட்டு எதிரே உட்காரும் பிள்ளைகள் இந்த ஒரு கேள்வியில்தான் நெளிவார்கள். இப்போது வடக்கே ஆல்டர்ஷா என்ற நெசவாலை ஊரிலிருந்து பெரில் கிராப்ட்ரீ என்ற அம்மாள் அவரிடமே அதைக் கேட்கிறாள். பதில் சொல்ல வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை, ஏனென்றால் அங்கே ஒன்றுமே இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றார். நன்றாக யோசியுங்கள், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துவிடுங்கள் என்றாள் அந்த அம்மாள். ஆல்டர்ஷாவில் புதிதாக ஒரு மருத்துவமனை கட்டியிருக்கிறார்கள். அதற்குத் தன் அப்பா வில்ஃப்ரெட் கிராப்ட்ரீயின் பெயரை வைக்கலாமா என்று வெள்ளிக்கிழமை மாலை நகரசபை கூடி முடிவெடுக்கப்போகிறது. பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர் ஹெப்டனின் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, துரோகியின் பெயரில் ஆஸ்பத்திரியா என்கிறார்கள். நீங்களே நேரில் வந்து, யார் சொல்லி அதை எழுதினீர்கள் என்று சபையில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று அழைத்தாள். வருகிறேன் என்று ஹெப்டன் வாக்குக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுத்தார் என்பது போனை வைத்த பிறகு அவருக்கே விளங்கவில்லை.

ஹெப்டன் செருப்புத் தொழிற்சாலைக் குமாஸ்தா ஒருவரின் மகன். உதவித்தொகையில் படித்து, பழைய கல்லூரி ஒன்றுக்குள் பதினெட்டு வயதில் நுழைந்தவர் அப்புறம் வெளியே வரவே இல்லை. மற்ற சரித்திரக்காரர்கள் ராஜாக்கள், படையெடுப்புகள் என்று போனபோது இவர் நாடாளுமன்றத்தின் தாழ்வாரங்களைப் பிடித்துக்கொண்டார். எந்த மந்திரி எவரோடு சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு யார் காலை வாரினார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது. அரசியல்வாதி தும்மினால்கூட அது யாருக்கோ காட்டும் சைகை, ஜலதோஷம் என்று நம்புகிறவன் இந்தப் படிப்புக்கு லாயக்கில்லை. மாணவர்கள் சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள், பிறகு அதை வைத்தே அவர்களும் பேராசிரியர்கள் ஆவார்கள்.

இத்தனைக்கும் அடித்தளம் அவருடைய முதல் புத்தகம். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வாக்கெடுப்பு. வாடகை வீடுகளுக்கு இருந்த உச்சவரம்பை அரசாங்கம் எடுத்துவிடப் பார்த்தது. ஏழைக் குடித்தனக்காரர்களைக் காப்பாற்ற எதிர்க்கட்சி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. திருத்தம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. வராமல் போன ஓட்டு ஆல்டர்ஷா உறுப்பினர் கிராப்ட்ரீயுடையது. ரயில் தப்பிவிட்டது என்று அவர் சொன்னார். கட்சி முணுமுணுத்தது, பிறகு மறந்தது. நாலைந்து வருடம் கழித்து இளைஞன் ஹெப்டனின் புத்தகம் வந்தது. அதில் இருந்த ஒரு வரி இன்றைக்கும் பரீட்சைக் கேள்வித்தாள்களில் வருகிறது: "கிராப்ட்ரீ ரயிலைத் தவறவிடவில்லை, நிலையத்துத் தேநீர் அறையில் கோப்பையும் கையுமாக உட்கார்ந்து, அது புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்." அடுத்த பத்தியில், அதே கிராப்ட்ரீக்குப் பிறகு அரசாங்கத் தண்ணீர் வாரியத்தில் ஒரு நாற்காலி கிடைத்ததைச் சொல்லி, இரண்டுக்கும் முடிச்சுப் போட்டிருந்தார். புத்தகம் வந்த அடுத்த தேர்தலில் கட்சி கிராப்ட்ரீயைக் கைகழுவியது. அதற்கடுத்த குளிர்காலத்தில் அவர் செத்துப்போனார்.

அந்த வரியின் அடிக்குறிப்பில் இருப்பது இரண்டே சொற்கள். தனிப்பட்ட தகவல்.

இது இந்தத் தொழிலில் வழக்கம்தான். விஷயம் தெரிந்தவர்கள் பேசுவார்கள், பெயரைப் போட்டுவிடாதே என்பார்கள். எழுதுகிறவர் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'தனிப்பட்ட தகவல்' என்று போடுவார். படிக்கிறவர்களும் பெரிய மனிதர்கள், மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். சொன்னவர் செத்தாலும் பெயர் வெளியே வராது. ஹெப்டன் இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனவர். புத்தகம் அச்சுக்குப் போனதும் பெயர் எழுதிய துண்டுக் காகிதங்களைக் கணப்பில் போட்டுவிடுவார். இது தன் நேர்மைக்கு அத்தாட்சி என்று கல்லூரி விருந்துகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைதான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது.

முதலில் தன் அலமாரியில் தேடினார். அவருக்குப் பிறகு அந்த வாக்கெடுப்பைப் பற்றி ஏழெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது வேறு யாரையாவது விசாரித்திருப்பார்கள் என்று நம்பினார். ஒரு புத்தகத்தைத் திறந்தால் அது இன்னொன்றைக் கைகாட்டியது. அதைத் திறந்தால் அது ஒரு முனைவர் பட்ட ஆய்வைக் கைகாட்டியது. அந்த ஆய்வை எழுதியவள் அவருடைய சொந்த மாணவி. அவள் கைகாட்டியது 'ஹெப்டன், பக்கம் 212'. ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றார். இத்தனை வருடம் இத்தனை பேர் ஒப்புக்கொண்ட உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்தது, கடைசியில் அவர் ஒருவர் சொன்னது மட்டும்தானா? அவருக்கு யார் சொன்னது?

கார்சைடு பிரபு இன்னும் உயிரோடு இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எதிர்க்கட்சியின் கொறடாவாக இருந்து தலைகளை எண்ணியவர் அவர். தொண்ணூறைத் தாண்டி, தெற்குக் கடற்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஹெப்டன் போனபோது ஆவியில் வெந்த புட்டிங்கின் மேல் கஸ்டர்ட் ஊற்றிக் குழந்தை மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிராப்ட்ரீயின் பெயரைச் சொன்னதும் கண் பளிச்சென்றது. கரண்டியை வைத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"அவன் ரயிலைத் தவறவிடலப்பா. டீ ரூம்ல கப்பும் கையுமா உட்கார்ந்து, அது போறதைப் பார்த்துக்கிட்டிருந்தான். இப்பவும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

ஹெப்டனுக்கு நெஞ்சு லேசானது. இவர்தான், வேறு யார் என்று நினைத்தார். ஒரு மரியாதைக்காக, நீங்கள் அன்றைக்கு ஆல்டர்ஷாவுக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டார். பிரபு திகைத்தார். ஆல்டர்ஷாவா, அந்த மழை பிடித்த ஊருக்கு ஆயுசிலேயே போனதில்லை, அன்றைக்கு லண்டனில்தானே வாசலில் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தேன் என்றார். அப்படியானால் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டபோது கிழவர் கஸ்டர்ட் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். பிறகு, பயந்துபோன குரலில் கேட்டார்.

"நான் பார்க்கலேன்னா, பின்னே பார்த்தது யாரு? நீயா?"

திரும்பும் வழியெல்லாம் ஹெப்டனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கிழவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் கண்ணுக்குள் அந்தக் காட்சி நிற்கிறது. கொண்டுபோய் நிறுத்தியது ஹெப்டனின் வரி. ஒரு வரியைப் படித்தவருக்கே இப்படி ஒரு ஞாபகம் முளைக்குமென்றால், அதை எழுதியவரின் ஞாபகத்தை எதை வைத்து நம்புவது? ஒருவேளை தானே இட்டுக்கட்டினாரோ? இருபத்து நாலு வயது, கையில் ஒரு நல்ல வாக்கியம், ஆதாரம் இல்லை. கை தானாகவே அந்த இரண்டு சொற்களைக் கீழே போட்டிருக்குமோ? இல்லை என்று அடித்துச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. வேறு யாராவது இதே நிலைமையில் வந்து நின்றிருந்தால் கல்லூரிப் படி ஏற விட்டிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆல்டர்ஷாவுக்கு ரயில் ஏறினார். நிலையத்தில் பழைய தேநீர் அறை இருந்த இடத்தில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஞாபகம் ஏதாவது வருமா என்று காத்திருந்தார். சைக்கிள் வேண்டுமா என்று ஒரு பெண் வந்து கேட்டதுதான் மிச்சம்.

பெரில் வீடு மேட்டுத் தெருவில், கருங்கல் வரிசை வீடுகளில் ஒன்று. பிறந்த வீடு அதுதான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறெங்கும் போகவும் இல்லை. எண்பது வயதுக்கு நிமிர்ந்த நடை. அந்தப் பக்கத்துப் பெண்கள் பால்காரனிலிருந்து பாதிரியார்வரை எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெப்டனையும் அப்படியே கூப்பிட்டாள், ஆனால் குரலில் கனிவு ஒன்றும் இல்லை. முன்னறையில் உட்காரவைத்தாள். இதே அறையில் ஒருமுறை கிராப்ட்ரீயைச் சந்தித்தது ஹெப்டனுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த மனிதர் கால்மணி நேரமும் "ரயில் தப்பிப்போச்சு தம்பி" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அதைத் தவிர ஒரு வார்த்தை பெயரவில்லை. அந்தப் பிடிவாதமே இளைஞன் ஹெப்டனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, மேலே மாவு மூடிச் சுட்ட பலகாரம் அடுப்பில் இருக்கிறது, அடுக்களையிலேயே சாப்பிட்டுவிடலாம் என்று பெரில் முன்னே போனாள். ஹெப்டன் பின்னால் போனார். வாசலுக்கு அந்தப் பக்கம் தரை ஒரு படி தாழ்வு. அவர் பார்க்கவில்லை. கால் தடுக்கி முன்னால் சாய்ந்து, நிலையைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த கையை எடுக்க முடியவில்லை. இதே படி. இதே மாதிரி தடுக்கி, இதே நிலையைப் பிடித்தார் ஒருமுறை. அப்போது ஒரு பெண் சிரித்தாள்.

கிராப்ட்ரீ வருவதற்கு முன்னால் அவர் ஒரு மணி நேரம் காத்திருந்ததை எப்படி மறந்தார்? வெளியே மழை. முன்னறையில் கணப்பு இல்லை, குளிரில் பல் கிட்டியது. அந்த வீட்டுப் பெண் வந்து, இங்கே உட்கார்ந்து விறைத்துப் போகாதீர்கள், அடுக்களைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். இருபது வயது இருக்கும். தட்டுகளைக் கழுவிக்கொண்டே பேசினாள். அப்பாவைப் பற்றிப் பேச அவளுக்கு ஆசை. எதற்காக வந்தீர்கள் என்று கேட்டாள், அவர் வாக்கெடுப்பு என்றார், அவள் சோப்பு நுரைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது பெரிய கூத்துங்க. அப்பா காசு குடுத்து வாங்கினதை மிச்சம் வைக்க மாட்டாரு. டீ கொதிக்கக் கொதிக்க குடுத்துட்டாங்களாம். ஊதி ஊதிக் குடிக்கிறாரு, ரயில் கெளம்பிருச்சாம். கப்பைக் கையில வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தாராம். யார்கிட்டயும் சொல்லிராதீங்க, தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுருவாரு."

சொல்ல மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தார்.

அப்புறம் மழையில் நிலையத்துக்கு நடந்தார். நடக்க நடக்க அவருடைய சித்தாந்தம் வேலை செய்தது. நாட்டின் வாடகைச் சட்டம் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒருவன் டீ ஆறவில்லை என்று உட்கார்ந்திருப்பானா? மகளிடம் சொன்ன சப்பைக்கட்டு அது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. அரசியல்வாதியின் ஜலதோஷத்தை நம்பாதவர் அரசியல்வாதியின் சூடான டீயை எப்படி நம்புவார்? சூட்டை விட்டுவிட்டுக் கோப்பையை மட்டும் எடுத்துக்கொண்டார். பெண்ணுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியாயிற்று, புத்தகத்துக்கு ஒரு வரியும் கிடைத்தாயிற்று. அந்தப் பெண்ணின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நெருப்பில் போட்டு, அவளையும் சேர்த்து மறந்துவிட்டார்.

அப்படித்தானா? கார்சைடு பிரபுவின் முகம் குறுக்கே வந்தது. அவர் கண்ணுக்குள்ளும்தான் எல்லாம் தெளிவாக நின்றது. பெயரைத் தேடித் தேடித் தவித்த மூளை, ஒரு படி தடுக்கியதைச் சாக்காக வைத்து இப்படி ஒரு கதையைப் பின்னிவிட்டதா? தான் தப்பிக்கப் பார்க்கிறோமோ? இட்டுக்கட்டிய வரிக்கு ஒரு ஆளைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறோமோ? ஹெப்டன் நிலையை விட்டு நகர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

பெரில் ஒரு குவளை தண்ணீர் வைத்தாள். பலகாரத்தை அறுத்து, சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாயோடு தட்டில் வைத்தாள். அவர் முள்கரண்டியைத் தொடாமல், உங்கள் அப்பா சாப்பாட்டு விஷயத்தில் எப்படி என்று கேட்டார். ஏதோ சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எங்க அப்பாவா? தட்டை வழிச்சுத்தான் வைப்பாரு. அதுவும் காசு குடுத்து வாங்கினதுன்னா, கப்புல ஒரு சொட்டு மிஞ்சாது" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். கத்தி கையில் நின்றது. "ஏன் கேக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், மேஜை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டே, இன்றைக்கு அந்த ஆளின் பெயரைச் சொல்லிவிடுவீர்கள் அல்லவா என்று கேட்டாள். அறுபது வருடக் கோபம் என்று ஹெப்டன் நினைத்தார். இந்த அம்மாளுக்குத் தான் பேசியது நினைவிருக்கிறதா, இல்லையா? இருந்தால் ஏன் கூப்பிட்டாள்? இல்லையென்றால், சபையில் எழுந்து அவள் பெயரையே சொன்னால் என்ன ஆகும்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பலகாரம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். இன்னும் அதை வாயில் வைக்கவே இல்லை.

நகரசபைக் கூடம் நிரம்பி வழிந்தது. ஜூன் மாதம், வெளியே நல்ல வெளிச்சம். பெயர் வைக்கக் கூடாது என்பவர்களுக்குத் தலைவி பிரெண்டா ஊட்ஹெட் என்ற கவுன்சிலர். நாற்பது வயதிருக்கும். அவள் சத்தம் போடவில்லை. தன் பாட்டி ஒரு நெசவாலையில் வேலை செய்தவள், அந்த ஓட்டுத் தோற்ற வருடம் வாடகை ஏறி, நான்கு பிள்ளைகளோடு வீட்டைக் காலி செய்தவள் என்றாள். பிறகு ஹெப்டனின் வரியை நிதானமாக வாசித்தாள். கூடத்தில் யாரோ செருமினார்கள். கோப்பையும் கையுமாக என்ற இடத்தில் முன்வரிசையில் இருந்த பெரில் கண்ணை மூடிக்கொண்டதை ஹெப்டன் பார்த்தார். எழுதி அறுபது வருடமாகப் போகிறது. அது எங்கே போய்க் குத்தும் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

சபைத் தலைவர் ஹெப்டனைப் பேசச் சொன்னார். எழுந்து மேடைக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அவர் யோசித்தார். ஞாபகத்தில் இருப்பதை அப்படியே சொல்லலாம். டீ சூடாக இருந்தது. சொன்னால் கிராப்ட்ரீ துரோகி இல்லை என்று ஆகும். ஆனால் பிரெண்டாவின் பாட்டி வீட்டை இழந்தது ஒரு கோப்பை டீ ஆறாததால் என்று இந்த ஊர் கேட்டால், துரோகியாகக் கிடந்த மனிதரைக் கோமாளியாக்கி விடுவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்கள். யார் சொன்னது என்று கேட்பார்கள். சொன்னவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவள் மகள்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவும் உண்மைதானா என்று தனக்கே உறுதியாகத் தெரியாத ஒன்றை.

மேடையில் அவர் நீட்டி முழக்கவில்லை.

"அந்த வரிக்குக் கீழ தனிப்பட்ட தகவல்னு போட்டிருக்கேன். அப்படி எனக்கு யாரும் தகவல் தரலை. கிராப்ட்ரீ வேணும்னே ஓட்டுப் போடாம இருந்தார்ங்கிறது என் ஊகம். ஊகம்னு எழுதியிருந்தா யாரும் மதிச்சிருக்க மாட்டாங்க. அதனால அந்த ரெண்டு வார்த்தையைப் போட்டேன்."

பிரெண்டா எழுந்தாள். அவள் முகத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, நம்ப முடியாத திகைப்பு மட்டும் இருந்தது.

"அப்படின்னா நாங்க ஸ்கூல்ல படிச்சது? எங்கம்மா சாகிற வரைக்கும் அந்த ஆளைத் திட்டினது?"

"என்னைத் திட்டியிருக்கணும்மா."

அதற்குப் பிறகு நடந்தவை சந்தையில் நடப்பவை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, இந்த ஆளுக்கா நாம் ரயில் காசு கொடுத்தோம் என்று கேட்டார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஹெப்டனின் மூக்குக்கு நேராகப் படம் எடுத்தான். திங்கட்கிழமை கல்லூரியில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஒன்றை ஒன்று கைகாட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஏழெட்டுப் புத்தகங்களும் வரிசையாகச் சாயும். மாணவி, இன்றைக்குப் பெரிய பேராசிரியை, போன் செய்வாள், அல்லது செய்யவே மாட்டாள். ஒரு வாழ்நாள் உழைப்பு, ஒரு பொய்யால் எழும்பியது என்று எழுதுவார்கள். எந்தப் பொய் என்பதை மட்டும் தப்பாக எழுதுவார்கள். சபையின் வாக்கெடுப்பில் கிராப்ட்ரீயின் பெயர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தது. பிரெண்டாவும் கடைசியில் கையைத் தூக்கினாள்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் தெருவில் இருந்தது. பெரில் அவரை நிலையம்வரை கொண்டுவிட வருகிறேன் என்றாள். திட்டப்போகிறாள் என்று ஹெப்டன் எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. இவளுடைய அப்பாவின் பதவியையும் பேரையும் பறித்தவர் அவர்தான், அதில் பொய் ஒன்றும் இல்லை. மேட்டிலிருந்து தெரு இறங்கும் இடத்தில் அவள் நின்றாள்.

"நிஜமாவே யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லலை."

"நீங்க அப்பாவைப் பார்க்க வந்த அன்னிக்கு, அவர் வர்றதுக்கு முன்னாடி, நான் உங்ககிட்ட என்ன பேசினேன்?"

அப்போதுதான் ஹெப்டனுக்கு உறைத்தது. மத்தியானம் மேஜை விரிப்பை நீவிய அந்தக் கை கோபத்தில் நீவவில்லை. இந்த அம்மாள் பெயரைத் தெரிந்துகொள்ள அவரைக் கூப்பிடவில்லை. அந்தப் பெயர் தன் பெயராக இருக்கக் கூடாதே என்ற பயத்தில், இத்தனை வருடம் கேட்காமல் இருந்து, இனித் தாங்க முடியாமல் கூப்பிட்டிருக்கிறாள்.

தனக்குச் சொன்னவரின் பெயரை யாரிடமும் வெளியிடக் கூடாது என்பதுதான் அவர் தொழிலின் ஒரே சட்டம். சொன்னவரிடமே அதை மறைக்க வேண்டிவரும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"ஒண்ணும் பேசலையே. வாங்க உட்காருங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டீங்க. நான் முன்னறையில தனியா உட்கார்ந்திருந்தேன். ரொம்பக் குளிரா இருந்துச்சு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா."

வாழ்நாளில் அவர் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. பெரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்தே நடந்து பழகிய உடம்பு தளர்ந்து, அவர் மேல் பாரமாகச் சாய்ந்தது. அழவில்லை. வெகுநேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஏதோ உளறித் தொலைச்சிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், கண்ணு. புஸ்தகம் வந்த அன்னிக்கு அப்பா அந்தப் பக்கத்தை என்கிட்டதான் படிக்கக் குடுத்தாரு. ஒண்ணும் கேக்கலை. அதுக்கப்புறம் அவர் போற வரைக்கும் நான் அவர் முகத்தை நேரா பார்க்கலை."

அந்த நிமிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஹெப்டனுக்கு வாய்வரை வந்தது. எந்த உண்மையை என்று தெரியாமல் நின்றார். ரயில் வரும் சத்தம் கீழே கேட்டது. ஓடினால் பிடித்துவிடலாம், போங்கள் என்றாள் பெரில். அவர் அசையவில்லை. அவள் கையைத் தன் கையிலிருந்து எடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை.

"நாளைக்குக் காலையில அப்பா கல்லறைக்குப் போகப்போறேன்" என்றாள் அவள். "இத்தனை வருஷமா வெளிக்கேட்டு வரைக்கும்தான் போயிருக்கேன்."